தோலும் எலும்பும் – 11: நொண்டத் தெரிந்த உலோகம்

சென்ற பகுதியைக் கரிகிரியில் நிறுத்தியிருந்தோம். வேலூருக்கு வெளியே, வறண்ட பாறைக் குன்றுகளுக்கு நடுவே, 1955-ல் அங்கே தொழுநோய் ஆராய்ச்சி மையம் எழுந்த கதையைப் பார்த்தோம். இந்தப் பகுதியில் அங்கிருந்து எலும்புக்குள் போகிறோம். உடைந்த எலும்பு கூடக் கூடத் தன்னை மாற்றிக்கொள்ளும் உலோகத் துண்டுகளை இன்று பல நாட்டு ஆய்வகங்கள் உருவாக்கி வருகின்றன. அந்த ஆய்வு எழுப்பும் அடிப்படைக் கேள்வி வேலூருக்குப் பழையது: ஓர் எலும்பின்மீது எவ்வளவு சுமை, எப்போது விழலாம்?

செருப்பில் தொடங்கிய கணக்கு

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரித் தம்பதியின் மகன். மருத்துவம் படிக்கப் போகும் முன் இங்கிலாந்தில் சில ஆண்டுகள் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகினார். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த ராபர்ட் காக்ரேன்தான் அவரை இந்த நோயின் பக்கம் இழுத்தவர். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைகளை 1948 முதல் பிராண்ட் வேலூரில் செய்யத் தொடங்கினார். அதுவரை தொழுநோயாளியின் கையைத் திருத்தி அமைக்க முடியும் என்று பெரும்பாலோர் நினைத்துப் பார்த்ததில்லை.

கைக்கு வழி பிறந்தது. கால் அப்படி எளிதில் வசப்படவில்லை. உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வருகிறது, ஆறுகிறது, அதே இடத்தில் மறுபடி வருகிறது. நோய்க்கிருமிதான் சதையைத் தின்கிறது என்பது அன்றைய பொதுக்கருத்து. பிராண்டும் அவருடைய சகாக்களும் வேறு முடிவுக்கு வந்தார்கள். கிருமி நரம்பைக் கெடுக்கிறது, அவ்வளவுதான். பாதத்தைக் கெடுப்பது நடை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம் வலிக்காததால், அந்த மனிதர் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறார்.

பதில், வேலூரைச் சுற்றிய தோல் பதனிடும் வட்டாரத்துக்குப் பழக்கமான பொருளில் வந்தது. அது செருப்பு. நுண்துளை ரப்பரில் உள்ளடி. அதன் கடினம் ஏறக்குறைய 15 ஷோர். கட்டை விரலால் அழுத்தினால் பதியும், விட்டால் எழும்பும். இந்த மெத்தைக்குக் கீழே கல்லும் முள்ளும் ஏறாத கெட்டியான அடி; பல பட்டறைகளில் தேய்ந்த டயரையே அதற்கு வெட்டினார்கள். குதிகால் நழுவாதிருக்கப் பின்வார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: ஆணி கூடாது. ஒட்டலாம், தைக்கலாம். தேய்ந்த செருப்பில் துருத்தும் ஆணி நமக்கு எரிச்சல் மூட்டும், கழற்றி எறிவோம். உணர்ச்சியற்றவரோ அதன்மேல் நாள் முழுக்க நடந்துவிடுவார். செருப்புத் தைப்பவரும் அறுவை மருத்துவரும் ஒரே பாதத்தைப் பற்றிப் பேச வேண்டிய நிலைமை இப்படித்தான் உண்டானது.

தோலோடு முடியவில்லை விஷயம். 1966-ல் ஹாரிஸ் என்ற சக ஆய்வாளரும் பிராண்டும் சேர்ந்து, உணர்ச்சியற்ற பாதத்தில் எலும்புகள் எப்படிச் சிதைகின்றன என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணுக்காலை ஒட்டிய எலும்புகள் நொறுங்கும் விதத்தை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். எலும்பு மருத்துவத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது. சாரம் எளிமையானது. பாதத்தில் சின்ன விரிசல் விழுந்தால் நாம் நொண்டுவோம். நொண்டினால் அந்தக் காலில் சுமை குறையும். எலும்பு கூடக் கூட வலி குறையும், நொண்டலும் குறையும், சுமை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். யாரும் கணக்குப் போட்டுச் சொல்லாமலே உடம்பு செய்யும் சுமைப் பங்கீடு இது. வலி இல்லாதவருக்கு நொண்டல் இல்லை. நொண்டல் இல்லாததால் ஒரு விரிசல் சில வாரங்களில் பாதம் முழுதும் நொறுங்குவதில் போய் முடிகிறது.

நொண்டுவது குறை அல்ல, வைத்தியம். எலும்போடு சேர்த்து உடம்புக்குள் வைக்கும் இன்றைய உலோக உள்வைப்புகளை எடைபோட இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொள்வோம்.

மாட்டுத் தோலும் மனித எலும்பும்

எலும்பு எதனால் ஆனது என்பதை நம் வட்டாரத் தோலிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை டேனரிகளில் பச்சைத் தோல் முதலில் சுண்ணாம்பில் ஊறுகிறது. மயிர் கழலும். பிறகு உட்புறச் சதையைச் சீவுகிறார்கள். கொழுப்பும் வேறு புரதங்களும் போய்க் கடைசியில் மிஞ்சுவது கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் பின்னல். டிரம்மில் குரோமிய உப்போடு சுழலும்போது அந்த உப்பு கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கிறது. நீலம் பாய்ந்து வெளிவரும் அந்த ஈரத் தோலுக்குத்தான் 'வெட் புளூ' என்று பெயர்.

எலும்பின் உயிர்ப்பொருளில் பெரும்பகுதியும் இதே கொலாஜன்தான். தோலில் இருக்கும் முதல் வகைக் கொலாஜனே எலும்பிலும் இருக்கிறது. அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் ஏறியிருக்கின்றன. படிகம் எலும்புக்கு விறைப்பைத் தருகிறது. முறியாமல் வளையும் தன்மை கொலாஜனிலிருந்து வருகிறது.

இந்த நார் எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டதும் தமிழ்நாட்டில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் கொலாஜனுக்கு மூவிழை அமைப்பை முன்வைத்தார்கள். மறு ஆண்டே அதைத் திருத்தி மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றிய முறுக்காகக் காட்டினார்கள். அடையாற்றில் 1948-ல் தொடங்கப்பட்டிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அவர்களுக்குப் பக்கத்து வீடு. தோல் தொழிலுக்காக ஒரு நாடு போட்ட முதலீடு உயிரியலின் அடிப்படைக் கேள்விக்கும் உதவியது.

ஜப்பானில் ஃபுகாடாவும் யாசுதாவும் 1957-ல் இன்னொன்றைக் கண்டார்கள். உலர்ந்த எலும்பை அழுத்தினால் அதில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. அதற்குக் காரணம் கொலாஜன் என்பது பின்னர் தெளிந்தது. ஈரமான உயிருள்ள எலும்பில் நுண்குழாய்களுக்குள் நீர் ஓடுவதும் மின்சாரத்தை எழுப்புகிறது. எப்படியானாலும், தன்மேல் விழும் சுமையை எலும்பு அறிகிறது. அறிந்து, சுமை விழும் இடத்தில் தடிக்கிறது, விழாத இடத்தில் கரைகிறது. ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவைத்த விதி இது. இந்தக் கதையில் முதல் உணரி எலும்புதான்.

பிளேட் வைத்த பிறகு

இப்போது உலோகம் நுழைகிறது. 'ராடு போட்டிருக்கு', 'பிளேட் வச்சிருக்கு' என்று நம் ஊரில் சொல்கிற பொருள்கள் ஐரோப்பாவில் முறையான வடிவம் பெற்றது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில். ஜெர்மனியில் கெர்ஹார்டு குன்ச்சர் எலும்பின் நடுக்குழிக்குள் ஆணி செலுத்தும் முறையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொண்டுவந்தார். 1958-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் சிலர் கூடித் தொடங்கிய ஏ.ஓ. குழு, பிளேட்டையும் திருகையும் உலகம் முழுதும் ஒரே இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. உடைந்த துண்டுகளை மயிரிழையும் அசையாமல் இறுக்கு என்பது அந்த இலக்கணத்தின் முதல் விதி.

அதுவரை நம் பக்கத்துச் சனங்கள் நம்பியிருந்தது புத்தூர் கட்டு. மூங்கில் சிம்பு, துணி, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை. வீக்கம் வடிய வடியக் கட்டைப் பிரித்து மறுபடி கட்டுவார்கள். அளவுக்கு மீறி இறுக்கிய நாட்டுக்கட்டால் இரத்த ஓட்டம் நின்று கையையோ காலையோ இழந்தவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறும் எலும்புக்கு நாளுக்கொரு கட்டு தேவை என்ற அறிவு அதில் இருந்தது. எஃகுப் பிளேட்டுக்கு அந்த அறிவு இல்லை. வைத்த அன்று எப்படியோ, ஓராண்டு கழித்தும் அப்படியே.

எண்களைப் பார்த்தால் சிக்கல் புரியும். ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதைக் கிகாபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். எலும்பின் கெட்டியான வெளிச்சுவர் 10 முதல் 30 வரை. அறுவை எஃகு ஏறத்தாழ 200. துருப்பிடிக்காமலிருக்க அதில் கலக்கும் குரோமியம், நம் டேனரிகளில் தோலைப் பதப்படுத்தும் அதே தனிமம்தான். இவ்வளவு விறைப்பான எஃகை எலும்போடு சேர்த்துத் திருகினால் சுமையின் பெரும்பங்கை எஃகு வாங்கிக்கொள்கிறது. மூத்தவரே எல்லாப் பொறுப்பையும் சுமக்கும் வீட்டில் இளையவர் வேலை பழகாமல் போவதைப் போல, பிளேட்டுக்கு அடியிலுள்ள எலும்பு மெலிகிறது. பிளேட்டைக் கழற்றிய பிறகு அதே எலும்பு மறுபடி உடைவதும் நடக்கிறது.

அசைவே கூடாது என்ற விதியும் ஆட்டம் கண்டது. 1985-ல் பிரிட்டனில் குட்ஷிப்பும் கென்ரைட்டும் செம்மறியாடுகளின் உடைந்த கெண்டைக்கால் எலும்புக்குத் தினமும் 17 நிமிடம், முறிவு இடைவெளியில் 1 மில்லிமீட்டர் அசைவு கொடுத்தார்கள். அசையாமல் பிடித்துவைத்த எலும்பைவிட அவை விரைவாகக் கூடின. எலும்பு ஆய்வாளர் ஸ்டீபன் பெரன் இதற்கு ஒரு கணக்குத் தந்திருந்தார். முறிவில் முதலில் உருவாகும் இளந்திசு தன் நீளத்துக்குச் சமமாகவே இழுபட்டாலும் தாங்கும். அடுத்து வரும் குருத்தெலும்பு ஏறத்தாழ 10 சதவீதம் தாங்கும். முற்றிய எலும்போ 2 சதவீதத்துக்கு மேல் தாங்காது. மூன்று கட்டத்துக்கும் ஒரே விறைப்பு பொருந்தாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

மருத்துவர்கள் கையாலேயே ஒரு வழி கண்டார்கள். நடுக்குழி ஆணியின் இரு முனைகளிலும் எலும்போடு பூட்டும் திருகுகள் இருக்கும். எலும்பு கூடத் தாமதமானால், ஒரு முனையின் திருகைச் சிறு அறுவையில் கழற்றிவிடுவார்கள். பூட்டு தளரும், அடி வைக்கும்போது முறிந்த முனைகள் ஒன்றை ஒன்று தொட்டு அழுத்தும். உள்வைப்பைக் காலத்துக்கேற்ப மாற்றும் வேலைதான் இதுவும். மாற்றுவது மருத்துவரின் ஸ்பேனர். அதற்கு நோயாளி திரும்பி வர வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இன்னொரு முறை அறுவை மேசையில் ஏற வேண்டும்.

வேலூரின் டைட்டானியம்

விறைப்பைக் குறைப்பது முதல் படி. அதில் வேலூருக்கு நேரடிப் பங்கு உண்டு. 2009-ல் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கீதா மணிவாசகம், ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தினர் முதலானோருடன் சேர்ந்து, எலும்பு உள்வைப்புக்கான டைட்டானியக் கலவைகளைப் பற்றி விரிவான மீளாய்வு ஒன்றை எழுதினார். விமானத்துக்கும் ஏவுகணைக்கும் உலோகம் தேடும் ஆய்வகமும் வேலூர்க் கல்லூரியும் சந்தித்த இடம் இடுப்பு மூட்டு. உலகில் உள்வைப்பு உலோகம் பற்றி எழுதுகிறவர்கள் மிகுதியாக மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

வாதம் இதுதான். அலுமினியமும் வனேடியமும் கலந்த வழக்கமான டைட்டானியத்தின் விறைப்பு ஏறத்தாழ 110. எஃகில் பாதி, ஆனால் எலும்பைவிடப் பல மடங்கு. நியோபியம், சிர்கோனியம், டான்டலம் கலந்த பீட்டா வகைக் கலவைகளில் அது 55 வரை இறங்குகிறது. வனேடியத்தை நீக்குவதால் அதன் நச்சைப் பற்றிய கவலையும் தீரும். எலும்போடு சுமையைப் பங்குபோடும் உலோகம் என்ற இலக்கை இக்கலவைகள் நெருங்கின.

இருந்தும் 55 என்றால் முதல் நாளும் 55, நூறாவது நாளும் 55. நோயாளிக்கு நொண்டத் தெரியும், உலோகத்துக்குத் தெரியாது.

பிராண்டின் கையுறை

அப்படியானால் உலோகத்துக்கு உணர்ச்சி கொடுத்தால் என்ன? அந்தப் பாதையிலும் பிராண்ட் முன்னமே நடந்து பார்த்திருந்தார். 1966-ல் அவர் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பொறியாளர்களோடு சேர்ந்து செயற்கை வலி ஒன்றைச் செய்ய முயன்றார். உணர்ச்சியற்ற கைக்கும் காலுக்கும் அழுத்த உணரிகள் பதித்த உறைகள். அழுத்தம் எல்லை மீறினால் காதில் ஒலி. நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. உணர்ச்சி மிஞ்சியிருந்த இடத்தில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆபத்தான வேலை செய்ய நினைத்தவர் முதலில் இணைப்பைத் துண்டித்தார், வேலையை முடித்தார், பிறகு மறுபடி மாட்டிக்கொண்டார். சில ஆண்டுகளில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. தோல்வியை ஒளிக்காமல் பிராண்ட் தன் நூலில் எழுதியிருக்கிறார்.

கருவி பழுதால் தோற்கவில்லை. எச்சரிக்கை ஓரிடத்திலும் செயல் இன்னோரிடத்திலும் இருந்ததால் தோற்றது. வலிக்கும்போது உடம்பு நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. கால் தானே பின்வாங்குகிறது. அணைத்துவைக்கக்கூடிய எச்சரிக்கையை மனிதர்கள் அணைத்துவிடுகிறார்கள். கூலி வேலைக்குப் போக வேண்டியவர் இன்னும் விரைவாக அணைப்பார்.

அளக்கும் உள்வைப்புகளின் வரலாறும் இதே காலத்தது. ஸ்வீடனில் ரைடெல் 1966-ல் இடுப்பு மூட்டு உள்வைப்புக்குள் அளவி வைத்து சுமையைப் பதிவுசெய்து காட்டினார். பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழு கம்பியில்லாமல் தரவு அனுப்பும் மூட்டுகளைப் பொருத்தியது. சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விழுகிறது என்றும், தடுக்கிவிழப் போகும் கணத்தில் அது எட்டு மடங்கையும் தாண்டலாம் என்றும் நமக்குச் சொன்னவை அந்த மூட்டுகள். 2021-ல் அமெரிக்க அரசு உணரி பதித்த முழங்கால் மூட்டு ஒன்றுக்கு விற்பனை அனுமதி கொடுத்தது. நோயாளியின் நடையை அது பதிவுசெய்து மருத்துவருக்கு அனுப்பும். அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. பிராண்டின் கையுறையைவிட நுட்பமானது. ஆனாலும் செயல் வேறொருவர் கையில்தான்.

அளந்து, மாறுவது

அளப்பதையும் மாறுவதையும் ஒரே துண்டில் சேர்க்கும் முயற்சியில் முன்னே நிற்பது ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகம். வெர்னர் சீமென்ஸ் அறக்கட்டளை அதற்கு 80 லட்சம் யூரோ ஒதுக்கியது. 2019-ல் திட்டம் தொடங்கியது. மருத்துவர்கள் டிம் போல்மன், பெர்கிட்டா கான்சே, பொறியாளர்கள், கணினியாளர்கள் ஒரே குழுவில் இருக்கிறார்கள். இலக்கு கெண்டைக்கால் எலும்பு முறிவு. பிளேட்டில் நிக்கல்–டைட்டானியக் கம்பிகள் இருக்கும். சிறிது சூடேற்றினால் இந்தக் கலவை தன் பழைய வடிவத்துக்குச் சுருங்கும், ஆறினால் தளரும். சுருக்கத்தைக் கொண்டு பிளேட்டை விறைக்கவும் தளர்த்தவும் செய்யலாம். முறிவு இடைவெளியில் சிறு அசைவையும் உண்டாக்கலாம். கம்பியின் மின்தடையை அளந்தால் அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதும் தெரியும். ஒரே கம்பி தசையாகவும் நரம்பாகவும் வேலை செய்கிறது.

எப்போது விறைக்க வேண்டும், எப்போது தளர வேண்டும்? இதை முடிவுசெய்ய நடைத் தரவு வேண்டும். அதற்காக அந்தக் குழு உணரிகள் பதித்த உள்ளடிகளை நோயாளிகளின் காலணிக்குள் வைத்து, முறிந்த காலில் நாளுக்கு நாள் சுமை எப்படி ஏறுகிறது என்று பதிவுசெய்கிறது. வேலூரில் ரப்பர் உள்ளடியோடு தொடங்கிய அதே கணக்கு இது.

ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இன்னும் இல்லை. முதலில் இறுக்கிப் பிறகு தளர்த்து என்பது பழைய வழி. முதலில் தளர விட்டு, குருத்தெலும்பு வந்ததும் இறுக்கு என்று எதிர்வழி சொல்பவர்களும் விலங்குச் சோதனைகளோடு வருகிறார்கள். மின்சாரத்தை உடம்புக்குள் எப்படிக் கொண்டுபோவது, நிக்கல் கசியாமல் எப்படி மூடுவது, பல லட்சம் அடிகளுக்குப் பிறகும் கம்பி களைக்காமலிருக்குமா என்ற கேள்விகளும் இருக்கின்றன. இன்று நம் ஊர் மருத்துவமனையில் போய்க் கேட்டு வாங்கக்கூடிய பொருள் அல்ல இது.

ஆனால் யாருக்கு இது அதிகம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை இந்தத் தோல் வட்டாரத்தின் நடுவே போகிறது. ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெண்களே மிகுதி. டேனரி டிரம்மைச் சுற்றி நின்றே உழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில். பைக் சரிந்து கெண்டைக்கால் முறிந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்க 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. உயிர் காக்கும் நல்ல திட்டம். எலும்போ 48 மணி நேரத்தில் கூடுவதில்லை, மாதக்கணக்கு எடுக்கிறது. அந்த மாதங்களில் ஒவ்வொரு எக்ஸ்ரேக்கும் ஒரு நாள் கூலி போகிறது. 'எப்போ காலை ஊனலாம்?' என்ற கேள்விக்கு மருத்துவர் சொன்ன தேதிக்கு முன்பே ஊன்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், பயந்து ஊன்றாமலே எலும்பை மெலியவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். போனுக்குச் செய்தி அனுப்பும் உள்வைப்பு இவர்களுக்குப் பெரிதாக உதவாது. பிராண்டின் நோயாளிகளைப் போல இவர்களும் அதை ஒதுக்கிவிட்டு வேலைக்குப் போவார்கள். தானே நொண்டும், தானே நிமிரும் உள்வைப்புதான் உதவும்.

விலையே கடைசித் தடை. முழங்கால் மூட்டுகளின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. மூட்டு என்றாலே கடன் என்றிருந்த குடும்பங்களுக்கு அது நிம்மதி தந்தது. தன்னை மாற்றிக்கொள்ளும் பிளேட்டும் காப்பீட்டுப் பட்டியலுக்குள் வரும் விலையில் கிடைக்க வேண்டும். அதை நோக்கி எஃகிலும் டைட்டானியத்திலும் வேலை செய்யும் ஆய்வகங்கள் வேலூரிலும் சென்னையிலும் இருக்கின்றன என்பது நமக்குச் சாதகம். தேய்ந்த டயரை வெட்டி உலகத்துக்கே மாதிரியான செருப்பைச் செய்த வட்டாரம், மலிவாகச் செய்வது அறிவியலுக்கு இழுக்கு என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

அடுத்த பகுதியில் இன்னொரு வழியைப் பார்ப்போம்: வேலை முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் உலோகம். பெல்ஜிய மருத்துவர் லம்போட் 1907-ல் மக்னீசியத் தகடு வைத்தார். எட்டே நாளில் அது கரைந்து, தோலுக்கடியில் வாயு தேங்கியது. அந்த மக்னீசியத்தை அடக்கியாள நூறாண்டு பிடித்தது. அதில் சென்னை ஐ.ஐ.டி.யின் பங்கு என்ன என்பதையும் அங்கே சொல்கிறேன்.

(தொடரும்)